களைநாசினியும் கலப்பையும்: விடுவிக்கப்பட்ட மண்ணை என்ன செய்கிறோம்?

1990 ஜூனில் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறியபோது எங்கள் தோட்டத்தில் வெங்காயம் நின்றது. காணி விடுவிக்கப்பட்டபோது நின்றவை பற்றையும் கோரையும்தான். கொத்துவதற்கு ஆள் இல்லை. கிடைத்தாலும் கூலி கட்டாது. அயலவர்கள் செய்ததையே நானும் செய்தேன். களைநாசினி அடித்தேன்; காய்ந்ததும் உழவு இயந்திரம் விட்டேன்.

மீள்குடியேறிய பலரின் கதை இதுதான். கிளைபோசேட்டை அரசாங்கம் 2015இல் தடை செய்தது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தளர்த்தியது. 2022இல் தடையை நீக்கியது. தடை இருந்தபோதும் நீங்கியபோதும் சிறு விவசாயிக்கு மாற்றுவழி எதுவும் கிடைக்கவில்லை. 2021இல் இரசாயன உரத்தைத் திடீரென நிறுத்தியபோதும் இதே கதைதான்.

அமெரிக்காவில் 1996இல் கிளைபோசேட்டைத் தாங்கும் சோயா பயிருக்கு வந்தது. மருந்தடித்தால் போதும், உழவு குறையும், மண் அரிக்காது என்றார்கள். அதில் உண்மையும் இருந்தது. ஆனால் ஒரே மருந்தை வருடக்கணக்கில் அடித்ததால் அதற்குச் சாகாத களைகள் பெருகின. பல விவசாயிகள் வேறு மருந்துகளையும் சேர்த்து அடித்து, மறுபடியும் கலப்பையை எடுத்தார்கள்.

இலங்கையில் அத்தகைய பயிர்கள் வர்த்தக ரீதியில் செய்கை பண்ணப்படுவதில்லை. ஆனால் நாங்கள் மருந்தும் அடிக்கிறோம், ஆழமாகவும் உழுகிறோம். அவர்களுக்குக் கிடைத்த நன்மைகூட எங்களுக்கு இல்லை. வெயிலில் புரட்டப்படும் செம்மண்ணில் சேதனப் பொருள் விரைவாக அழிகிறது.

செம்மண்ணிலுள்ள இரும்புச் சேர்வைகள் கிளைபோசேட்டைப் பிடித்து வைக்கும் என்பது ஓர் ஆறுதல். ஆனால் பொசுபேற்றும் அதே இடத்துக்குத்தான் போட்டியிடுகிறது. பசளையை அள்ளிப்போடும் தோட்டத்தில் மண்ணின் பிடி தளரலாம். கீழே இருப்பது வெடிப்புகள் நிறைந்த சுண்ணாம்புக்கல். எங்களுக்கு வற்றாத ஆறு இல்லை, கிணறுதான் கதி. ஏற்கனவே பல கிணறுகளில் நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனத்தின் எல்லையான லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டிவிட்டது.

வெறும் தடை இதற்குத் தீர்வாகாது. மீள்குடியேறியோருக்கு மானிய விலையில் களையெடுக்கும் கருவிகள் வேண்டும். கிணற்று நீரில் களைநாசினி எச்சத்தையும் ஒழுங்காகப் பரிசோதிக்க வேண்டும். மண்ணைப் பரிசோதித்த பிறகே பொசுபேற்றுப் பசளை இட வேண்டும். சணல் விதைத்து மடக்குவதும், குழை தாழ்ப்பதும், பட்டி அடைப்பதும் எங்கள் பெரியவர்கள் கைக்கொண்ட முறைகள். அவற்றுக்கும் மானியம் கொடுக்கலாம்.

காணிக்காக எத்தனையோ வருடம் போராடினோம். உறுதி கைக்கு வந்து, மண்ணும் கிணறும் கெட்டுப்போனால் பிள்ளைகளுக்கு எதைக் கொடுக்கப் போகிறோம்?