முறத்தில் இருக்கிறது அறிவியல்!

கரைசல் என்றால் என்ன? கரைபொருள், கரைப்பான் என்று மனப்பாடமாக எழுதினால் மார்க். புரிந்ததா என்று யார் கேட்கிறார்கள்?

நாமக்கல் மாவட்டம், கொல்லிமலை, வளப்பூர் நாட்டுப் பக்கம் போய்ப் பாருங்கள். சாமையும் காபியும் விளைகிற மலை அது. சாமையை முறத்தில் புடைத்தால் உமி பறக்கும். தண்ணீரில் அரித்தால் கல் அடியில் தங்கும். டிகாஷன் இறக்கும்போது வெந்நீர் கரைப்பான், காஃபீன் கரைபொருள். கரையாத சக்கை வடிகட்டியில் நிற்கும். பாடம் முழுக்க அடுப்படியிலேயே இருக்கிறதே!

அப்புறம் எதற்கு 'ஆய்வகம் இல்லை' என்ற சாக்கு? 'மலைப் பிள்ளைகளுக்கு அறிவியல் வராது' என்ற பேச்சு? பரீட்சையில் இப்படிக் கேளுங்கள்: சாமையில் உமி, மணல், உப்பு மூன்றும் கலந்துவிட்டன, எப்படிப் பிரிப்பாய்? யாருக்கு அறிவியல் வரும் என்று அப்போது தெரியும்!