பூங்கிழங்கும் விதைச் சட்டமும்

ஹைதராபாத்துக்கு ஒரே வாரத்தில் வெளிநாட்டிலிருந்து இரண்டு பொட்டலங்கள் வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒன்றில் பட்டான்செருவிலுள்ள இக்ரிசாட் நிறுவனத்துக்கான நிலக்கடலை விதை, சில கிராம். மற்றொன்றில் விடுதி அறையின் சன்னலோரத் தொட்டிக்காக இணையத்தில் வாங்கிய லில்லிக் கிழங்குகள், அரை டஜன்.

முதலாவதற்கு இறக்குமதி அனுமதிச் சீட்டும், அனுப்பும் நாடு அளித்த தாவர நலச் சான்றிதழும் வேண்டும். ராஜேந்திரநகரில் உள்ள தேசியத் தாவர மரபு வளப் பணியகத்தின் மண்டல நிலையம் அதைச் சோதிக்கும். பிறகு பட்டான்செருவிலேயே தனியாக ஒதுக்கிய நிலத்தில் ஒரு பருவம் வளர்த்து, நோய்க்குறி உண்டா என்று பார்த்த பின்னரே விதை ஆய்வாளர் கைக்கு வரும். இதற்குள் ஒரு பருவம் போயிற்றே என்று புலம்பாத முனைவர் பட்ட மாணவர் அரிது. இரண்டாவது பொட்டலமோ ‘பரிசுப்பொருள்’ என்ற ஒட்டுச்சீட்டுடன் விடுதி வாயிற்காவலரின் மேசையில் கிடக்கும்.

சட்டம் இவ்விரண்டையும் வேறுபடுத்தவில்லை. 2003ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணை நடுவதற்காக வரும் பூங்கிழங்குக்கும் பொருந்தும். நடைமுறைதான் வேறுபடுத்துகிறது. 2020இல் கேட்காமலேயே விதைப் பொட்டலங்கள் பல நாடுகளின் வீடுகளுக்கு அஞ்சலில் வந்தன. அவற்றுள் பல நகை என்ற பெயரில் வந்தவை. அவ்வாண்டு ஆகஸ்டில் நம் வேளாண் அமைச்சகமும் மாநிலங்களை எச்சரித்தது. கேட்காமல் வந்ததைக் கண்டு அஞ்சிய நாம், பணம் கொடுத்து வரவழைப்பதைக் கண்டு அஞ்சுவதில்லை.

ஒரு தொட்டிச் செடிக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று கேட்பவர்கள் நீலகிரியின் வரலாற்றைப் பார்க்கவேண்டும். உருளைக்கிழங்கைத் தாக்கும் முட்டைக்கூடு நூற்புழு 1961இல் உதகை வட்டாரத்தில் கண்டறியப்பட்டது. ஐரோப்பாவிலிருந்து வந்த விதைக்கிழங்கில் ஒட்டியிருந்த மண்ணில் அது வந்திருக்கக்கூடும் என்பது பொதுவான கருத்து. குண்டூசித் தலையளவுள்ள ஒரு கூட்டுக்குள் நூற்றுக்கணக்கான முட்டைகள் இருக்கும். பயிரே இல்லாத மண்ணிலும் அவை பல்லாண்டுகள் உயிரோடு காத்திருக்கும். 1971இல் நீலகிரி விதைக்கிழங்கு வெளியே செல்வதற்குத் தடை வந்தது. அத்தடை இருந்தும் 2018இல் இமாசலப் பிரதேசம், உத்தராகண்ட், ஜம்மு-காஷ்மீர் ஆகிய பகுதிகளிலும் இதே கட்டுப்பாட்டை விதிக்க நேர்ந்தது. வடநாட்டுக்கு விதைக்கிழங்கு தரும் மலைகள் அவை.

வாழையின் கதை இன்னும் நமக்கு நெருக்கமானது. முடிக்கொத்து நோய் 1913இல் இலங்கையில் காணப்பட்டது. 1940 வாக்கில் கேரளத்தின் கோட்டயம் பகுதியில் தென்பட்டது. கன்றுகளோடு கடல் கடந்து வந்தது என்றே கருதப்படுகிறது. கண்ணுக்கு நலமாகத் தெரியும் பக்கக்கன்றுக்குள் வைரஸ் இருக்கும்; நட்டபின் அசுவினிப் பூச்சி அதை அடுத்த தோட்டத்துக்குக் கொண்டுபோகும். பழனிப் பஞ்சாமிர்தத்துக்குச் சுவை தரும் விருப்பாச்சி வாழை, 1970களின் தொடக்கத்தில் சுமார் 18,000 எக்டேரில் இருந்தது, பின்னர் 2,000 எக்டேர் அளவுக்குச் சுருங்கியதில் இந்நோய்க்குப் பெரும்பங்குண்டு. திசு வளர்ப்பில் நோயற்ற கன்றுகளை உருவாக்கித்தான் அதை மீட்கத் தொடங்கினார்கள். இன்று ‘அரிய வகை வாழைக்கன்று’ என்று தேடினால் இணையத்தில் எத்தனையோ கிடைக்கும். எந்த ஊரில் எடுத்த கன்று என்ற விவரம் மட்டும் இராது.

என் குறை வாங்குவோரைப் பற்றியதன்று, சட்டத்தின் வரையறையைப் பற்றியது. 1966ஆம் ஆண்டின் விதைச் சட்டம் ‘விதை’ என்ற சொல்லுக்குள் நாற்று, கிழங்கு, குமிழ், ஒட்டு அனைத்தையும் அடக்குகிறது. ஆனால் அவை உணவுப் பயிருக்கோ கால்நடைத் தீவனத்துக்கோ உரியவையாக இருக்கவேண்டும். ஆகவே டேலியா, கிளாடியோலஸ், அமரில்லிஸ் எதுவும் அச்சட்டத்தின் கண்ணில் விதையே அன்று. நூற்புழுவோ வைரஸோ இந்த வரையறையைப் படித்துவிட்டு வருவதில்லை. ஒளிப்படத்தில் வானவில் நிறத்து ரோஜாவைக் காட்டி விதை விற்பவரும், குளிர்காலமே போதாத ஹைதராபாத்தில் ஆண்டுதோறும் பூக்கும் என்று துலிப் விற்பவரும் இந்த இடைவெளியில்தான் வாழ்கிறார்கள். (துலிப் கிழங்கு தண்டு நீண்டு பூக்கப் பல வாரக் குளிர் வேண்டும்; முதலாண்டுப் பூ விற்றவரின் குளிர்பதன அறையின் கொடை.) உசேன் சாகரிலிருந்தும் நகரின் பிற ஏரிகளிலிருந்தும் அள்ளி மாளாத ஆகாயத்தாமரையும் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அழகுக்காக வந்ததே. அதுவும் குளத்துப் பூச்செடியாக இணையத்தில் விற்பனைக்கு உண்டு.

இணைய விற்பனையைத் தடை செய்யவேண்டும் என்பார் வாதம் எனக்கு உடன்பாடன்று. கோதாவரிக் கரையில் கடியம் நாற்றங்கால்களை நம்பி வாழும் குடும்பங்கள் பல. மரபு விதைகளை அஞ்சலில் பகிர்ந்துகொள்வோரும் உண்டு. உரிமம், ஆய்வாளர், முத்திரை என்று அடுக்கினால் முதலில் அழிபவர்கள் இவர்களே. நான் கேட்பது ஒரு சிறு மாற்றம்: விற்பனைப் பக்கத்தில் தாவரவியல் பெயர், வளர்த்த மாவட்டம், வளர்த்தவர் அடையாளம் ஆகிய மூன்றும் இன்றி எந்தச் செடியும் கிழங்கும் பட்டியலிடப்படக் கூடாது. அதற்குப் பொறுப்பு விற்பனைத் தளத்தினுடையதாக இருக்கவேண்டும். ஒரு சோப்புக்கட்டியின் உறையிலேயே இதைவிடக் கூடுதலான விவரம் அச்சாகிறது.

வளாக வாட்சப் குழுக்களில் வெளிநாட்டுக் கிழங்குக்கான இணைப்பைப் பகிரும் நண்பர்கள், தாவர நலச் சான்றிதழ் வருமா என்று விற்பவரிடம் முதலில் கேளுங்கள். உள்நாட்டில் வாங்குவதை மண் ஒட்டாமல், தென்னைநார்க் கழிவில் வைத்து அனுப்பச் சொல்லுங்கள். வந்ததைச் சில வாரங்கள் மற்ற தொட்டிகளிலிருந்து விலக்கி வையுங்கள். சான்றிதழ் இன்றி வெளிநாட்டிலிருந்து ஏற்கெனவே வந்துவிட்ட பொட்டலத்தை நடவும் வேண்டாம், குப்பைக்குழியில் வீசவும் வேண்டாம். பிரிக்காமல், வந்த உறையோடு தாவரத் தொற்றுத்தடுப்பு அலுவலகத்தில் ஒப்படையுங்கள்.