பெருநாள் விடுமுறையும் மலைப்பயணமும்



செம்பரம்பாக்கம் முதல் ஒரகடம் வரை தொழிற்சாலைகளில் ஷிப்ட் முறையில் உழைக்கும் நம் பிள்ளைகளுக்குப் பெருநாளையொட்டியே சில நாள்கள் சேர்ந்தாற்போல் ஓய்வு கிடைக்கிறது. தொழுகை முடிந்ததும் நண்பர்களோடு மலையேறப் புறப்படுகின்றனர். மலைகளை நோக்கிச் சிந்திக்குமாறு திருக்குர்ஆனே (88:19) அழைப்பதால், இவ்வாசையை நாம் குறைகூறவில்லை. செல்லும் காலத்தைக் குறித்தே நமது கவலை.

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி, மலையேறச் சென்றவர்களுள் 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அப்பருவத்தில் புற்கள் காய்ந்து கிடக்கும். காற்று வீசினால், சரிவில் மனிதன் ஓடுவதைவிட விரைவாகத் தீ மேலேறும். பனிமலைகளிலும் காலமே முதற்கவனம். இளவேனிலில் பனிச்சறுக்குக்காக நடந்து மலையேறுவோர் விடியுமுன் புறப்பட்டு, வெயிலில் பனி இளகிச் சரியுமுன் இறங்கிவிட முயல்கின்றனர்.

தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் 40 மலையேற்றப் பாதைகளை அறிவித்தது. காட்டுத்தீ அபாயம் கருதி, 2025-இல் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை அவை மூடப்பட்டன. அவ்வாண்டு நோன்புப் பெருநாளோ மார்ச் 31. ஹிஜ்ரி ஆண்டு சுமார் 11 நாள்கள் குறைவு. ஆதலால் இன்னும் சில ஆண்டுகளுக்குப் பெருநாள் தீப்பருவத்திலேயே வரும்.

“மவ்த் எழுதப்பட்ட இடத்தில்தானே வரும்” என இளைஞர்கள் கூறலாம். ஷாம் நாட்டில் கொள்ளைநோய் பரவியதை அறிந்த உமர் (ரலி) அவர்கள் வழியிலேயே திரும்ப முடிவெடுத்தார்கள். விதியைவிட்டு ஓடுவதா என அபூ உபைதா (ரலி) அவர்கள் வினவியபோது, அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனது மற்றொரு விதிக்கே செல்வதாக விடையளித்தார்கள். திரும்பிச் செல்வதும் தவக்குலுக்குள் அடங்கியதே.

எனவே, மூடிய பாதையில் எவரிடமோ பணம் கொடுத்து மறைவாக ஏறுவது துணிவன்று. அமானிதமான உயிரை அலட்சியம் செய்வதாகும். பிள்ளைகள் புறப்படுமுன் மூன்றைக் கேளுங்கள்: பாதை திறந்துள்ளதா? அனுமதி பெற்றாயிற்றா? பயிற்சி பெற்ற வழிகாட்டி உடன் வருகிறாரா? ஒன்றுக்கு ‘இல்லை’ என்றாலும் பயணத்தைத் தள்ளிவைக்கச் சொல்லுங்கள். பெருநாளில் உறவினர் இல்லங்கள் காத்திருக்கின்றன. மலை மழைக்குப் பின்னும் அங்கேயே நிற்கும்.

அல்லாஹ் நம் பிள்ளைகளைப் பாதுகாப்பானாக! ஆமீன்.