தங்கை செத்தால்தான் அண்ணனுக்குப் பாசமா?

அண்ணன் தங்கைப் பாசம் என்ற பெயரால் நம் வீட்டுப் பெண்களின் தலையில் மிளகாய் அரைக்கும் வேலை நெடுங்காலமாக நடந்து வருகிறது. விழாப் பந்தலில் போடும் மேடை நாடகம், ஒரே வாரம் ஓடி மறையும் சிறு முதலீட்டுப் படம், அந்தி மயங்கியதும் ஆரம்பித்து நாம் படுக்கும்வரை ஓடும் தொலைக்காட்சித் தொடர், இப்போது கைபேசியில் வந்து விழும் ஐந்து நிமிடத் துண்டு நாடகம் என்று எதை எடுத்தாலும் கதை ஒன்றுதான். தங்கை அடி வாங்குவாள், அண்ணன் அழுவான். தங்கை மேலும் அடி வாங்குவாள். அண்ணன் மேலும் அழுவான். கடைசியில் ஒன்று அவள் சாவாள். அல்லது அடித்தவன் "திருந்திவிட்டேன்" என்று ஒரு வார்த்தை சொல்ல, அவன் பின்னாலேயே அனுப்பி வைக்கப்படுவாள். நாமும் மூக்கைச் சிந்திக்கொண்டு, "என்ன பாசம், என்ன பாசம்!" என்று எழுந்து போவோம்.

தோழர்களே, தாய்மார்களே! பாசம் என்றால் அழுவது மட்டும்தானா? அடிபடுகிறவளுக்கு ஒரு கதவைத் திறந்துவிடாத பாசத்தை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்? இந்த நாடகங்களைப் பார்த்துக் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

அச்சு வார்த்தவர்கள் யார்?

சின்ன நாடகக்காரனை மட்டும் குறை சொன்னால் நியாயமாகாது. அச்சு வார்த்தது பெரிய திரை. அந்த அச்சில் செங்கல் அறுத்துத் தள்ளுவதே சின்ன மேடை, சின்னத்திரையின் வேலை.

1952-ல் மேடை நாடகத்திலிருந்து படமாக வந்தது "என் தங்கை". கண் தெரியாத தங்கை இறந்ததும், அவள் உடலைத் தூக்கிக்கொண்டு அண்ணன் கடலுக்குள் நடக்கிறான். 1961-ல் வந்தது "பாசமலர்". அண்ணனும் தங்கையும் கைகோத்தபடியே உயிரை விடுகிறார்கள். 1993-ல் வந்தது "கிழக்குச் சீமையிலே". அண்ணனுக்கும் கணவனுக்கும் மூண்ட பகைக்கு நடுவில் விருமாயி பலியாகிறாள். நாற்பது ஆண்டுகளில் நாடு எவ்வளவோ மாறியது. அண்ணனின் பாசத்தை நிரூபிக்கத் தங்கை செத்தாக வேண்டும் என்ற விதி மட்டும் மாறவில்லை.

சாகாத தங்கையின் கதி என்ன? 1978-ல் மகேந்திரன் எடுத்த "முள்ளும் மலரும்" மேலான படம் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அதில் வரும் விஞ்ச் ஆபரேட்டர் காளியைக் கூர்ந்து பாருங்கள். தங்கை வள்ளிமேல் உயிரையே வைத்திருக்கிறான். ஆயினும் அவள் யாரைக் கட்டிக்கொள்வது என்பது தன் வீம்பைப் பொறுத்தது என்று நினைக்கிறான். கல்யாணத்துக்குப் புறப்பட்டவள் திரும்பி அண்ணனிடம் ஓடி வந்த பிறகே, அவன் மனம் குளிர்ந்து சம்மதம் தருகிறான். பாசத்துக்குள் ஓர் உடைமை உணர்வு ஒளிந்திருப்பதை மகேந்திரன் நுட்பமாகக் காட்டினார். பின்னால் வந்த நகல்காரர்கள் நுட்பத்தை விட்டுவிட்டு உடைமையை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

ஒரே கூடம், ஓயாத அடி

குறைந்த செலவில் எடுக்கும் நாடகத்துக்கென்று ஒரு கணக்கு உண்டு. வாடகைக்கு எடுத்த ஒரு வீடு. அதில் ஒரு கூடம், ஒரு சமையலறை, ஒரு மாடிப்படி. ஏழெட்டு நடிகர்கள். நாளுக்கு ஒரு பகுதி ஒளிபரப்பியாக வேண்டும். அடிபட்ட பெண் வாசலைத் தாண்டினால் என்ன ஆகும்? போலீஸ் நிலையம் வேண்டும், நீதிமன்றம் வேண்டும், அவள் தங்க ஒரு விடுதி வேண்டும், வேலை பார்க்க ஓர் இடம் வேண்டும். ஒவ்வொன்றும் செலவு. மேலும், அவள் வெளியேறினால் கதையே முடிந்து போகும். விளம்பரக்காரனுக்கு யார் பதில் சொல்வது? ஆகவே அவள் அந்தக் கூடத்திலேயே நிற்க வேண்டும். ஓர் அறையை மூன்று கோணத்தில் மூன்று முறை காட்டினால் அரை நிமிடம் போயிற்று. சுற்றி நிற்பவர்களின் முகத்தை ஒவ்வொன்றாகக் காட்டினால் இன்னொரு நிமிடம். பெண்ணின் கன்னத்தைப் போல மலிவான மூலப்பொருள் வேறெங்கே கிடைக்கும்?

முதலாளியின் இந்தச் சிக்கனம் பார்ப்பவர் மனத்தில் தர்மமாகப் பதிகிறது. செலவுக்குப் பயந்து அவளை வெளியே விடவில்லை என்று யாரும் சொல்வதில்லை. "பொறுமைசாலி", "குடும்பத்தைக் காப்பாற்றுகிறவள்" என்று பட்டம் கட்டிவிடுகிறார்கள். வெளியேறுகிறவளுக்கோ வில்லி வேடம். கறுப்புப் புடவை, பெரிய பொட்டு, பின்னால் ஓர் இடி முழக்கம்!

நாடகத்தில் வரும் அண்ணன் இன்னொரு பொய். அவன் எப்போதும் அடுத்த தெருவில் இருப்பான். தங்கை "அண்ணா" என்று கதறினால் அடுத்த நொடி வாசலில் நிற்பான். மாப்பிள்ளையின் சட்டையைப் பிடித்து நாலு சாத்து சாத்துவான். அதற்கு அடுத்த காட்சியில், "மச்சான், என் தங்கச்சியைக் கண் கலங்காமல் பார்த்துக்கோ" என்று அதே ஆளின் கையிலேயே அவளைப் பிடித்துக் கொடுப்பான்! அடி விழுந்த ஆத்திரத்தை அந்த மாப்பிள்ளை இரவில் யார்மேல் தீர்ப்பான் என்று எந்த வசனகர்த்தாவாவது யோசித்தது உண்டா?

பிழைப்புக்காக வந்த நம் நிலைமை வேறு. அண்ணன் தாராவியில், தங்கை திருநெல்வேலிச் சீமையில். அல்லது தங்கை இங்கே கல்யாணில் ஒரு பத்துக்குப் பத்து அறையில், அண்ணன் ஊரில். நடுவே ஒரு நாளுக்கு மேற்பட்ட ரயில் பயணம். கூப்பிட்ட குரலுக்கு எவனும் ஓடி வர முடியாது. பெற்றவர்கள் தொலைவில், பேசும் மொழி வேறு, அக்கம்பக்கத்தில் இருப்பவர்கள் பெரும்பாலும் கணவனின் ஊர்க்காரர்கள். நாடகத்து அண்ணனை நம்பி உட்கார்ந்திருந்தால் நம் பெண்ணுக்கு மிஞ்சுவது ஏமாற்றமே.

திரையில் வராத பத்திரம்

சீர்வரிசை ஊர்வலத்தைக் காட்டாத அண்ணன் தங்கைக் கதை உண்டா? தாய்மாமன் தட்டோடு வருகிறான். பட்டு, பழம், நகை, ஆட்டுக்கிடா, மேளம். படம் எடுப்பவன் தட்டுத் தட்டாகக் காட்டி மகிழ்கிறான். ஆனால் சார்பதிவாளர் அலுவலகத்தில் அதே தங்கை கையெழுத்துப் போடும் விடுதலைப் பத்திரத்தை எந்தத் திரையாவது காட்டியதுண்டா?

1929-ல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெண்ணுக்கும் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. அது சட்டமாக அறுபது ஆண்டுகள் பிடித்தன. 1989-ல் கலைஞர் ஆட்சியில் தமிழ்நாடு சட்டம் செய்தது. அன்று மணமாகாதிருந்த மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் மகனுக்குச் சமமான பங்கு வந்தது. மராட்டிய மாநிலம் 1994-ல் செய்தது. 2005-ல் இந்து வாரிசுரிமைச் சட்டம் திருத்தப்பட்டு இந்தியா முழுவதற்கும் அது விரிந்தது. மணமான மகளுக்கும் பங்கு உண்டென்றாயிற்று. சட்டம் வந்தது, பங்கு வந்ததா? "அண்ணனிடம் பங்கு கேட்டால் பிறந்த வீட்டு உறவு அறுந்து போகும்" என்ற ஒரே பயத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, தீபாவளிக்கு ஒரு சேலையை வாங்கிக்கொண்டு போகிறவர்கள் எத்தனை பேர்! சேலையைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளக் கற்றுத் தருகிறது நாடகம். ஏக்கரைக் கேட்கக் கற்றுத் தருகிறதா?

இங்கேதான் முடிச்சு இருக்கிறது. அடிக்கும் வீட்டை விட்டு வெளியேறுகிறவளுக்குப் போக ஓர் இடம் வேண்டும், கையில் நாலு காசு வேண்டும். அவளுடைய பங்கு அவள் பெயரில் இருந்தால் அந்த இடம் அவளுக்கு உண்டு. அதை எழுதி வாங்கிக்கொண்ட பிறகு அவள் நிலைக்காக அழுகிற அண்ணன், கிணற்றை மூடிவிட்டுத் தண்ணீர்ப் பந்தல் வைக்கிறவனுக்குச் சமம்.

"நாடகம்தானே!" என்கிறார்கள்

"உழைத்துக் களைத்தவர்கள் கொஞ்சம் அழுது மனப்பாரத்தை இறக்கி வைக்கிறார்கள், இதற்கு ஏன் இவ்வளவு ஆத்திரம்?" என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. அவர்களுக்கு அரசாங்கத்தின் கணக்கையே பதிலாக வைக்கிறேன். 2019–21-ல் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு, தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயதுவரை உள்ள, மணமான பெண்களில் நூற்றுக்கு 38 பேர் கணவனின் வன்முறைக்கு ஆளானவர்கள் என்கிறது. இந்தியா முழுவதும் எடுத்தால் நூற்றுக்கு 29. பெரியாரும் பாரதியும் பிறந்த மண்ணென்று மேடையில் மார்தட்டுகிறோமே, அந்த மண்ணின் கணக்கு இது! வன்முறைக்கு ஆளான இந்தியப் பெண்களில் உதவி தேடிப் போனவர்கள் நூற்றுக்கு 14 பேர்தான் என்றும், நூற்றுக்கு 77 பேர் யாரிடமும் வாயே திறக்கவில்லை என்றும் அதே ஆய்வு சொல்கிறது. உதவி தேடியவர்களில் பெரும்பாலோர் முதலில் போனது தங்கள் பிறந்த வீட்டுக்குத்தான்; போலீசுக்கு அல்ல, வக்கீலிடமும் அல்ல.

அப்படியானால் அந்தப் பிறந்த வீட்டுக் கதவைத் திறக்கும் அண்ணன் என்ன சொல்கிறான் என்பதில்தான் அவள் உயிரே இருக்கிறது. அந்த நேரத்தில் அவன் வாயில் வரும் வசனம் எங்கே கற்றது? "பொறுத்துப் போம்மா", "நம்ம குடும்ப மானம்", "பிள்ளைகள் முகத்தைப் பார்". இரவுதோறும் காதில் விழுந்த வசனம் வேளை வரும்போது நாக்கில் வருகிறது. ஊர்ச் சங்கம், சாதிச் சங்கம் என்று கூடும் சமரசப் பஞ்சாயத்துகளிலும் இதே வசனம்தான். அவளை உட்கார வைத்து, அவனிடம் ஒரு மன்னிப்புக் கடிதம் வாங்கி, தேநீர் குடித்துவிட்டு, அதே அறைக்குத் திருப்பி அனுப்புகிறார்கள். அதனால்தான் நாடகத்தை வெறும் நாடகமென்று விட முடியவில்லை.

காசில்லாமல் முடியாதா?

முடியும். நம்மவர்களே செய்து காட்டியிருக்கிறார்கள். திருவாரூர் கே. தங்கராசு எழுதி எம்.ஆர். ராதா ஊர் ஊராகப் போட்ட "ரத்தக் கண்ணீர்", 1954-ல் படமாகவும் வந்தது. மனைவியைக் கேவலப்படுத்திய கணவன், கடைசியில் அவளை இன்னொருவருக்கு மணம் முடித்து வைக்கிறான். அதைச் செய்ய எத்தனை லட்சம் செலவாயிற்று? செலவானது துணிச்சல் ஒன்றுதான்!

நாடகத்திலிருந்தே படமான "பராசக்தி"யையும் எண்ணிப் பாருங்கள். அண்ணன்மார் மூவரும் ரங்கூனில், தங்கை மதுரையில். போர் வந்து வழி அடைபடுகிறது. தனித்து நின்றவளை ஊர் வேட்டையாடுகிறது. பிழைப்புக்குப் போன குடும்பத்தின் கதை அது, நம் கதை. அந்த அண்ணன் வீட்டுக் கூடத்தில் நின்று அழவில்லை. நீதிமன்றத்தில் நின்று சமுதாயத்தைக் கேள்வி கேட்டான்.

1979-ல் பெரிய நட்சத்திரப் பட்டாளம் ஏதுமின்றி மகேந்திரன் எடுத்த "உதிரிப்பூக்கள்" படத்தில், கணவனின் கொடுமை ஓங்கிய அறையாக வருவதில்லை. அமைதியாக, மரியாதைப்பட்ட மனிதனின் முகத்தோடு வருகிறது. ஊருக்கெல்லாம் தெரிந்தும் காலம் கடந்தே ஊர் எழுகிறது. முடிவில் தாயும் இல்லாமல், தகப்பனும் இல்லாமல் அண்ணனும் தங்கையுமாக இரண்டு பிள்ளைகள் ஆற்றங்கரையில் நிற்கிறார்கள். காலம் தாழ்த்திய நியாயத்தின் விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதை அந்த இரண்டு பிள்ளைகளும் சொல்லிவிடுகிறார்கள்.

நம் பந்தலில் தொடங்குவோம்

தொலைக்காட்சி முதலாளியை இன்றே மாற்ற நம்மால் ஆகாது. நம் பொங்கல் விழா மேடை நம் கையில் இருக்கிறது. அங்கே போடும் நாடகத்தில் அண்ணன் இனிமேல் என்ன செய்ய வேண்டும் என்று நாம் எழுதலாம். அவன் செய்யக்கூடியவை ஏராளம். எல்லாம் சட்டத்தில் உள்ளவை.

2005-ல் வந்த குடும்ப வன்முறைச் சட்டம், அடியை மட்டும் குற்றமாகச் சொல்லவில்லை. வசை, மிரட்டல், செலவுக்குக் கொடுக்காமல் தவிக்க விடுவது, அவள் சம்பாத்தியத்தைப் பிடுங்குவது எல்லாமே அதில் அடங்கும். வீடு யார் பெயரில் இருந்தாலும், வாழ்ந்த வீட்டில் தங்கும் உரிமை அவளுக்கு உண்டு. தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரிலேயே அவள் மனுப் போடலாம். ஊருக்குப் போய்த்தான் வழக்குப் போட வேண்டும் என்பது தவறு. மனைவிக்கு மட்டுமன்றி, கூடப் பிறந்தவனிடம் அடிபடும் தங்கைக்கும் இச்சட்டம் பொருந்தும். அண்ணனும் அடிக்கக்கூடியவன் என்பது சட்டத்துக்குத் தெரிந்திருக்கிறது, கதாசிரியர்களுக்குத்தான் தெரியவில்லை!

கணவன் வீட்டார் கொடுமைக்கென 1983-ல் வந்த 498ஏ பிரிவு, 2024 ஜூலை 1 முதல் புதிய நியாயச் சட்டத்தின் 85, 86 பிரிவுகளாக இருக்கிறது. அவள் அடைக்கலம் புகுந்த ஊரிலும் அந்தப் புகாரைக் கொடுக்கலாம் என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. வக்கீலுக்குப் பணமில்லையே என்ற கவலையும் வேண்டாம். வருமானம் எதுவானாலும், பெண் என்ற ஒரே காரணத்தால் இலவசச் சட்ட உதவி உண்டு. 181 என்ற எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம்.

நம் சங்கத்துக்கும் வேலை இருக்கிறது. மராத்தி தெரியாத பெண் சௌக்கிக்குப் போகும்போது மொழி தெரிந்த இருவர் கூடப் போக வேண்டும். அதில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். அடித்தவனிடம் மன்னிப்புக் கடிதம் வாங்கித் திருப்பி அனுப்பும் பஞ்சாயத்துக்குச் சங்கத்தின் பெயரையோ அறையையோ தரக்கூடாது. விழாவுக்கு நாடகம் கொண்டு வரும் குழுவிடம் கதையை முன்கூட்டியே கேட்டு, அடித்தவனோடு அனுப்பி வைக்கும் முடிவு இருந்தால் மேடை இல்லை என்று சொல்ல வேண்டும். இதைத் தணிக்கை என்று சொல்வார்கள். சொல்லட்டும்! நம் உண்டியல் காசில் போடும் மேடையில் எது நடக்கலாம் என்று தீர்மானிக்க நமக்கு உரிமை இல்லையா?

அண்ணன்மார்களே! தங்கைக்காகக் கடலில் இறங்க வேண்டாம். கண்ணை இழக்க வேண்டாம். மாப்பிள்ளையோடு மல்லுக்கட்டவும் வேண்டாம். நள்ளிரவில் கதவு தட்டப்பட்டால் திறந்து விடுங்கள். அவள் பேசுவதைக் குறுக்கிடாமல் கேளுங்கள். காலையில் அவளோடு கூடப் போங்கள். அவள் பங்கை அவள் பெயரில் எழுதி வையுங்கள். இதற்கு மேளமும் வேண்டாம், கண்ணீரும் வேண்டாம்.