மலை எங்கே என்று தெரிந்தால் மட்டும் போதாது

பதிவு கொஞ்சம் நீளம். நேரம் இருக்கும்போது வாசியுங்கள். க.பொ.த. சாதாரண தரத்தில் புவியியல் எடுக்கும் பிள்ளைகளின் பெற்றோர் கட்டாயம் வாசியுங்கள்.

1974 டிசம்பர் 4 இரவு. இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஜித்தாவுக்கு ஹஜ்ஜுக்குப் புறப்பட்ட 182 பேருடன் மார்ட்டின்எயார் நிறுவனத்தின் டி.சி.8 விமானம் எண்ணெய் நிரப்புவதற்காகக் கட்டுநாயக்கவை நோக்கி வந்துகொண்டிருந்தது. மஸ்கெலியாப் பக்கம் சப்த கன்னி மலைத்தொடரில் மோதியது. பணியாளர்கள் 9 பேரையும் சேர்த்து 191 பேரும் மௌத்து. இலங்கை மண்ணில் நடந்த விமான விபத்துகளில் இதுதான் மிகப் பெரியது. பாவா ஆதம் மலை இருக்கிற அதே மலைநாட்டில் ஹாஜிகள் போய் முடிந்தார்கள் என்பதை நினைத்தால் மனம் என்னவோ செய்கிறது.

இதைப் பற்றிப் பேச்சு வந்தால் நம்மவர்கள் இரண்டு வசனத்தில் முடித்துவிடுவார்கள். ஒன்று, "அல்லாஹ்வின் நாட்டம்." மற்றது, "அந்தக் காலத்து மேப் பிழையாக இருந்திருக்கும்." முதலாவதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் நமது. கயிறு எப்படி அவிழ்ந்தது என்று கேட்பது ஈமானுக்குக் குறைவல்ல. இரண்டாவது வசனத்தைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

நம் மலைநாட்டின் உயரங்களை நில அளவைத் திணைக்களம் எப்போதோ அளந்துவிட்டது. 1800இல் தொடங்கிய திணைக்களம் அது. பேதுருதாலகால 2,524 மீற்றர், பாவா ஆதம் மலை 2,243 மீற்றர் என்று நாம் பள்ளியில் பாடமாக்கியதெல்லாம் அவர்களின் உழைப்பு. விசாரணை அறிக்கை காரணமாகச் சொன்னது வேறு. விமானநிலையத்துக்குத் தாங்கள் எவ்வளவு கிட்ட வந்திருக்கிறோம் என்பதைப் பணியாளர்கள் பிழையாகக் கணித்தார்கள். விமானத்திலிருந்த டொப்ளர் கருவியையும் வானிலை ராடாரையும் நம்பியதில் அந்தப் பிழைக்கு இடம் வந்தது. 2,000 அடிக்கு இறங்க அனுமதி கிடைத்தது, அவர்களும் இறங்கினார்கள். கட்டுநாயக்கவின் சமதரைக்கு மேலே அது நல்ல உயரம். ஆனால் அவர்கள் இன்னும் சுமார் 40 கடல்மைல் கிழக்கே, 4,000 அடிக்கும் மேலே எழுந்து நின்ற மலைகளுக்கு நடுவில் இருந்தார்கள். மலை தன் இடத்தில்தான் நின்றது. தாங்கள் எங்கே என்பதுதான் அவர்களுக்குத் தெரியவில்லை.

அதற்கு மூன்று நாள் முன்பு, டிசம்பர் 1ஆம் திகதி, அமெரிக்காவில் டி.டபிள்யூ.ஏ. 514 என்ற விமானம் வோஷிங்டனுக்கு அருகே மவுண்ட் வெதர் மலையில் மோதி 92 பேர் இறந்தார்கள். அங்கே நடந்தது இன்னும் கொடுமை. அந்தப் பகுதியில் 3,400 அடிக்குக் கீழே போகக்கூடாது என்று வரைபடத்தில் இருப்பதைத் தலைமை விமானி கண்டு, அதைப் பற்றிப் பேசியுமிருக்கிறார். ஆனால் தரையிறங்க அனுமதி தந்துவிட்டார்கள், அப்படியானால் இறங்கலாம் என்று முடிவெடுத்தார். அதே தாளின் பக்கத்தோற்றப் படத்தில் அந்தத் துண்டுக்கான உயர எல்லை காட்டப்படவில்லை. தகவல் தாளின் ஒரு மூலையில் இருந்தது, கண் போன மூலையில் இல்லை. தகவல் சரியாக இருந்தால் மட்டும் போதாது, வேண்டிய நேரத்தில் வேண்டிய இடத்தில் கண்ணில் படவும் வேண்டும் என்பதற்கு இதைவிட என்ன சான்று?

அந்த விபத்துக்குப் பிறகுதான் தரை நெருங்கினால் எச்சரிக்கும் கருவியைப் பெரிய விமானங்களில் அமெரிக்கா கட்டாயமாக்கியது. அதை உருவாக்கியவர் டொன் பேட்மன் என்ற பொறியியலாளர். முதலில் வந்த கருவி நேர் கீழே மட்டும்தான் பார்க்கும், முன்னால் நிற்கும் செங்குத்து மலையைக் காணாது. பிறகு அவரே உலகத்தின் நிலவுயரங்களைச் சேர்த்துக் கருவிக்குள் வைத்தார். அதற்காகப் பழைய சோவியத் இராணுவ வரைபடங்களைக்கூட விலைக்கு வாங்கினார்கள். 2000 பெப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் 11 நாளில் உலகின் பெரும்பகுதி நிலத்தை ராடாரால் அளந்து முடித்தது. அதிலும் ஒரு சங்கதி உண்டு. அடர்ந்த காட்டில் அந்த ராடார் மரத்தின் மேற்பகுதியைத் தரை என்று எடுத்துக்கொள்ளும். அளவீடு என்றால் என்ன என்று பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

இனிப் பிரச்சினை தீர்ந்தது என்று நினைப்போம். இல்லை. மலைகளின் தரவு கருவிக்குள் இருந்தாலும் விமானம் எங்கே என்பதை ஜீ.பி.எஸ். தானே சொல்ல வேண்டும்? 2023 கடைசியிலிருந்து மத்திய கிழக்கின் சில வான்பரப்புகளில் போலி ஜீ.பி.எஸ். சமிக்ஞைகளால் விமானங்கள் தாம் வேறெங்கோ இருப்பதாக நம்புகின்றன. உயரத்தில் பறக்கும்போதே "மேலே எழும்பு" என்று கருவி கத்துகிறது. நாலு தரம் பொய்யாகக் கத்தினால் ஐந்தாம் தரம் யார் நம்புவார்? 50 வருடத்துக்குப் பிறகும் அதே கேள்விதான் திரும்பி வந்திருக்கிறது: நான் எங்கே நிற்கிறேன்?

இதனால்தான் வகுப்பறைக்கு வருகிறேன். 1:50,000 இடவிளக்கப் படத்தை நம் பிள்ளைகள் புள்ளிக்காக மட்டும் படிக்கிறார்கள். சமவுயரக் கோடு நெருங்கினால் செங்குத்துச் சரிவு, விலகினால் மென்சரிவு, மனப்பாடம் முடிந்தது. அதே பிள்ளையின் கையில் நம் பகுதித் தாளைக் கொடுத்து, "மகன், கப்பல்துறைச் சந்தி எங்கே? நீ இப்போது எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கிறாய்?" என்று கேளுங்கள். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பான். அவனில் பிழையில்லை. தாளோடு வெளியே வந்து நிற்க நாம் ஒருநாளும் அவனை விடவில்லை. தூரத்துக் கன்னியா மலையைக் காட்டி, அது தாளில் எந்த வளையம் என்று கேட்கவில்லை. சீனக்குடாவில் விமானப்படைப் பிள்ளைகள் பயிற்சிக்குப் பறப்பதை நம் பிள்ளைகள் தினமும் அண்ணாந்து பார்க்கிறார்கள். அவர்கள் கையிலும் ஒரு வரைபடம் இருக்கிறது என்று யார் சொல்லிக்கொடுத்தது?

"போனில் மேப் இருக்கே சேர், இது எதற்கு?" என்று சில வாப்பாமார் கேட்பார்கள். நீலப்புள்ளி காட்டும் இடத்தில்தான் நிற்கிறோம் என்று நம்புவதற்கும், சுற்றிவரப் பார்த்து அதைச் சரிபார்ப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான் மேலே எழுதியதெல்லாம்.

அடுத்த தவணையில் சனிக்கிழமை காலைகளில் தரம் 10, 11 பிள்ளைகளைத் தாளோடு வெளியே கூட்டிப்போக நினைத்திருக்கிறேன். பெற்றோரின் சம்மதக் கடிதம் வேண்டும். திருகோணமலைத் தாள்களை நில அளவைத் திணைக்களத்தில் வாங்கிக்கொள்ளலாம். அதைவிட எனக்கு வேண்டியது பழைய ஒரு அங்குலத் தாள். காணி வேலை பார்த்தவர்கள், ஓய்வுபெற்ற நில அளவையாளர்கள் யாருடைய வீட்டிலாவது இருந்தால் தாருங்கள். கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, பிரதி எடுத்துவிட்டுப் பத்திரமாகத் திருப்பித் தருவேன், இன்ஷா அல்லாஹ்.