தலைவர் நாற்காலி காலி, நஷ்டம் யாருக்கு?

நகரசபைக் கூட்டம் என்றால் பத்திரிகையில் இடம் பிடிப்பது கூச்சலும் வெளிநடப்பும்தான். அதே கூட்டத்தில் "ஏகமனதாக நிறைவேறியது" என்று ஒரே வரியில் முடிந்துபோகும் விஷயங்கள் யார் கண்ணிலும் படுவதில்லை. எந்தத் தெருவுக்குக் குழாய், எந்த மார்க்கெட் கடைக்கு ஏலம், குப்பை அள்ள யாருக்கு டெண்டர், கந்தாயம் எத்தனை சதவீதம் உயர்வு என்பவை அந்த ஒரு வரிக்குள்தான் அடங்கிக் கிடக்கின்றன. கூலி வேலை செய்பவரின் வீட்டுச் செலவைக் கூட்டுவதும் குறைப்பதும் இவைதான்.

கர்நாடகத்தில் தமிழர்கள் பெருமளவில் வாழும் கோலார் தங்கவயலை எடுத்துக்கொள்வோம். ராபர்ட்சன்பேட்டை நகரசபை என்பது அந்த ஊர் உள்ளாட்சியின் பெயர். 35 வார்டுகள். பழைய மைசூர் ராஜ்யத்தில் வெள்ளைக்கார ரெசிடெண்டாக இருந்த டொனால்ட் ராபர்ட்சன் பெயரால் ஏற்பட்ட பேட்டை. சிவசமுத்திரத்திலிருந்து 1902-ம் ஆண்டிலேயே மின்சாரம் வந்து சேர்ந்த ஊர் என்ற பெருமையும் அதற்கு உண்டு. ஆனால் 2001-ம் ஆண்டு பிப்ரவரி 28-ந் தேதியோடு சுரங்கம் மூடப்பட்டது. அதன் பிறகு பிழைப்புக்காகப் பெங்களூருக்கு ரெயிலேறுகிறவர்கள் ஏராளம். மாரிகுப்பத்தில் விடியுமுன் புறப்பட்டு, இருட்டிய பிறகு வீடு திரும்புகிறார்கள்.

நகரசபை அலுவலகமோ பகல் நேரத்தில்தான் திறந்திருக்கும். ரெயிலேறிப் போகும் தொழிலாளி ஒரு மனு கொடுக்க வேண்டுமானால் ஒரு நாள் கூலியை இழக்க வேண்டும். "சம்பந்தப்பட்ட குமாஸ்தா லீவு, நாளைக்கு வாருங்கள்" என்று பதில் வந்தால் இரண்டு நாள் கூலி போயிற்று. இரவு எட்டு மணிக்குக் கதவைத் தட்டக்கூடிய ஒரே நகரசபை, அந்த வார்டு கவுன்சிலரின் வீடுதான். கவுன்சிலர் நல்லவரோ, கெட்டவரோ, அடுத்த தேர்தலில் ஓட்டுக் கேட்டு வரவேண்டியவர். அதனால் கதவைத் திறந்தே தீரவேண்டும்.

தலைவர் நாற்காலி காலியாக இருப்பதில் யாருக்கு நஷ்டம் என்ற கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது.

இரண்டு வருடக் காத்திருப்பு

கர்நாடகத்தில் 2018-ம் ஆண்டு ஆகஸ்டு 31-ந் தேதி பல நகரசபைகளுக்குத் தேர்தல் நடந்தது. கவுன்சிலர்கள் ஜெயித்தார்கள். மாலை மரியாதை எல்லாம் நடந்தது. ஆனால் தலைவர், துணைத்தலைவர் பதவிகளுக்கான இட ஒதுக்கீட்டுப் பட்டியல் கோர்ட்டுக்குப் போய்விட்டதால், பெரும்பாலான ஊர்களில் 2020 அக்டோபர், நவம்பர் வரை தலைவரே இல்லை. ஜெயித்தவர்கள் கையில் வெற்றிச் சான்றிதழ் இருந்தது, பொறுப்பு இல்லை. தலைவரின் பதவிக்காலம் 30 மாதம். அந்த முதல் பாதி 2023-ல் முடிந்ததும் கதை திரும்பியது. இரண்டாம் பாதிக்கான தலைவர்கள் பல ஊர்களில் 2024 ஆகஸ்டு, செப்டம்பரில்தான் வந்தார்கள்.

இந்தக் காலங்களில் நகரசபை மூடிக்கிடக்கவில்லை. நிர்வாக அதிகாரி கையெழுத்தில் எல்லாம் நடந்தது. தெருவிளக்கு எரிந்தது, குப்பை வண்டி வந்தது. "அரசியல் தொல்லை இல்லாமல் அதிகாரி நன்றாகத்தானே நடத்தினார்" என்று கூறுவோரும் உண்டு. அதில் ஓரளவு நியாயமும் இருக்கிறது; கவுன்சிலர்கள் எல்லோரும் உத்தமர்கள் அல்ல. ஆனால் அதிகாரிக்கு மேலிடம் என்பது மாவட்டத் தலைநகரமும் பெங்களூரும்தான். இன்ன வார்டில் குழாய் வரவில்லை என்று அவரிடம் கேட்க, அந்த வார்டிலிருந்து ஆள் இல்லை.

இதைக் கர்நாடகத்தின் குறையாக மட்டும் சொல்லிவிட முடியாது. தமிழ்நாட்டில் 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த நகராட்சிகளுக்கு 2022 பிப்ரவரி 19-ந் தேதிதான் தேர்தல் நடந்தது. ஐந்து வருடத்துக்கும் மேல் தனி அதிகாரி ஆட்சி. 1993-ல் அமலுக்கு வந்த 74-வது அரசியல் சட்டத் திருத்தம், ஐந்து வருடம் முடியுமுன்பே அடுத்த தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்கிறது. சட்டம் கண்டிப்பானது, மாநில அரசுகளுக்குத்தான் அவசரம் இல்லை.

கந்தாயக் கணக்கு

ஒரு வரித் தீர்மானத்தின் பலத்துக்குக் கந்தாயமே உதாரணம். கர்நாடக நகரசபைகள் சொத்து வரியை ஆண்டுதோறும் 3 முதல் 5 சதவீதம் வரை உயர்த்த வேண்டும் என்று விதி இருக்கிறது. மூன்றா, ஐந்தா என்பதைச் சபை தீர்மானிக்கும். 2,000 ரூபாய் வரி கட்டும் வீட்டுக்கு முதல் வருடம் வித்தியாசம் 40 ரூபாய்தானே என்று தோன்றும். பத்து வருடம் தொடர்ந்து 3 சதவீதம் ஏறினால் வரி சுமார் 2,690 ரூபாய். 5 சதவீதம் ஏறினால் சுமார் 3,260 ரூபாய். சபையில் தலைவர் இல்லாத வருடத்தில் இதை முடிவு செய்பவர் அதிகாரி. கஜானா நிரம்பட்டும் என்று அவர் நினைத்தால் அவரைக் குறை சொல்வதற்கில்லை. அது அவர் வேலை. வாடகைக்கு இருப்பவரும் தப்ப முடியாது. வீட்டுக்காரர் அதை வாடகையில் ஏற்றிவிடுவார்.

வரியோடு நூலக வரி, சுகாதார வரி, பிச்சைக்காரர் மறுவாழ்வுக்கான வரி என்று உபரிகளும் சேர்ந்து வரும். ஏப்ரல் மாதத்திலேயே கட்டுகிறவருக்கு 5 சதவீதத் தள்ளுபடி என்பதும், கெடு தாண்டினால் அபராதம் மாதாமாதம் ஏறும் என்பதும் பலர் கவனிக்காத விஷயம்.

இதைவிடப் பெரியது 'காத்தா' எனப்படும் சொத்துப் பதிவு. 2024 அக்டோபர் முதல் நகர்ப்புறச் சொத்துகளைக் கைமாற்றிப் பதிவு செய்ய இ-காத்தா அவசியமாகிவிட்டது. அங்கீகாரம் இல்லாத மனைகளில் வீடு கட்டியவர்களுக்கு 'பி' காத்தா கொடுக்க 2025 பிப்ரவரியில் மாநில அரசு தனி இயக்கமே அறிவித்தது. காத்தாவில் அப்பா பெயர் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் பாங்கியில் கடன் கிடைப்பது கஷ்டம். கன்னடத்தில் எழுதப்படும் தமிழ்ப் பெயர்களில் இந்தத் தவறு சகஜம். பேட்டையில் சொந்த மனை உள்ளவர்களுக்கே இந்தப் பேச்சு. சுரங்கக் கம்பெனி லைன் வீடுகளின் விவகாரம் மத்திய அரசின் கம்பெனியைச் சேர்ந்தது. நகரசபைத் தீர்மானத்தால் தீராது.

பிறப்புச் சான்றிதழிலும் வெளியூர்த் தமிழர் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. தலைப்பிரசவத்துக்கு மனைவியைத் தாய்வீட்டுக்கு அனுப்புவது வழக்கம். குழந்தை திருப்பத்தூரில் பிறந்தால் பதிவும் திருப்பத்தூரில்தான். தங்கவயல் நகரசபையில் தேடினால் கிடைக்காது. 21 நாட்களுக்குள் தெரிவித்துவிட்டால் கட்டணம் இல்லை. ஒரு வருடம் தாண்டினால் மாஜிஸ்திரேட் உத்தரவு வாங்க வேண்டும். 2023 அக்டோபர் 1-ந் தேதிக்குப் பிறகு பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம் முதல் பாஸ்போர்ட் வரை பிறந்த தேதிக்கு இந்தச் சான்றிதழே ஆதாரம் என்று சட்டம் திருத்தப்பட்டுவிட்டதால், அசட்டையாக இருக்க முடியாது.

பெரிய நகரங்களில் கவுன்சிலர் இல்லாவிட்டாலும் வார்டு கமிட்டி என்ற ஒன்றைக் கேட்கலாம். ஆனால் 3 லட்சமும் அதற்கு மேலும் மக்கள் உள்ள ஊர்களுக்குத்தான் அரசியல் சட்டம் அதைக் கட்டாயமாக்கியது. தங்கவயல் போன்ற ஊர்கள் அந்தக் கணக்கில் வராது. கையில் உள்ள மற்ற ஆயுதங்கள் இரண்டு. ஒன்று, 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்ட மனு. 30 நாளில் பதில் தரவேண்டும். மற்றது கர்நாடகத்தின் 'சகாலா' சட்டம். மனு கொடுத்தால் அதன் ரசீது எண்ணைக் கேட்டு வாங்க வேண்டும். கெடு தாண்டினால் நாளொன்றுக்கு 20 ரூபாய் வீதம், அதிகபட்சம் 500 ரூபாய் வரை நஷ்டஈடு கேட்கலாம். இழந்த கூலிக்கு அது ஈடாகாது என்பது வேறு விஷயம்.

நகரசபைத் தேர்தலுக்கான வாக்காளர் பட்டியல், சட்டசபைப் பட்டியலை அடிப்படையாகக் கொண்டே தயாரிக்கப்படுகிறது. பொங்கலுக்கு ஊருக்குப் போகிறோம், ஓட்டும் அங்கேயே இருக்கட்டும் என்று பெயரைச் சொந்த கிராமத்தில் வைத்திருப்பவர்கள் வெளிமாநிலத் தமிழர்களில் கணிசம். ஒருவர் பெயர் ஒரே இடத்தில்தான் இருக்கலாம். குடியிருப்பு மாறியவர்கள் பெயரை மாற்றிக்கொள்ள 8-ம் எண் படிவம் கொடுத்தால் போதும். அதைத் தேர்தல் தேதி அறிவிக்கும் வரை தள்ளிப்போட்டால், கந்தாயம் கட்டும் ஊரில் கவுன்சிலரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அவர்களுக்கு இராது.