ரயர் சென்சரும் மஞ்சள் விளக்கும்

எங்கட சனத்திட்ட ஒரு பழக்கம் இருக்கு. காரில ரயர் விளக்கு மஞ்சளாய் எரிஞ்சால் "அது சென்சர் பிழை, பேசாம ஓடு" என்பினம். ரொரன்ரோ குளிருக்குள்ள இது ஆபத்தான பேச்சு. வெளியில ஆறு பாகை செல்சியஸ் குறைய, ரயரில ஏறத்தாழ 1 பி.எஸ்.ஐ. இறங்கும். பெரும்பாலான கார்களில ஸ்டார்ட் பண்ணினதும் விளக்கு ஒரு நிமிசமளவு மினுங்கி, பிறகு நிலையாய் எரிஞ்சால்தான் சென்சர் பிழை. மினுங்காமல் எரிஞ்சால் காற்றுக் குறைவு.

சரி, சென்சர் செத்தால்? அது வால்வோட சேர்ந்து றிம்முக்குள்ள இருக்கு. பற்றரி 5 முதல் 10 வருசம் வரைக்கும் நிக்கும். பற்றரியை மட்டும் மாத்த ஏலாது, பிசின் ஊத்தி மூடித்தான் விக்கிறாங்கள். ஒரு சின்னப் பற்றரிக்காக முழுச் சாமானையும் எறிய வைக்கிறது சுத்த வியாபாரம். (ஏபிஎஸ் மூலம் சில்லுச் சுழற்சியை வைச்சுக் கணக்குப் பாக்கிற கார்களுக்கு இந்தத் தலையிடி இல்லை.)

அமெரிக்காவில ஃபயர்ஸ்டோன் ரயர் விபத்துகளுக்குப் பிறகு 2000இல சட்டம் வந்து, 2007 செப்டெம்பரில இருந்து புதுக் கார் எல்லாத்திலயும் இது கட்டாயம். கனடாவில கட்டாயமில்லை. அதனால பனி ரயர் றிம்முக்குச் சென்சர் போடாமல், குளிர்காலம் முழுக்க எரியிற விளக்கோடயே ஓடுகினம். பிறகு உண்மையாய்க் காற்றுப் போனால் ஆருக்குத் தெரியும்?

ஒண்டு செத்தால் மற்ற மூண்டுக்கும் அதே வயசுதான். புது ரயர் போடேக்க நாலையும் சேர்த்து மாத்துங்கோ, கழட்டுக்கூலி ஒருக்காத்தான். சென்சரைக் காரோட பதிஞ்சு தருவினமோ எண்டு விலை பேசேக்கயே கேளுங்கோ. காற்றளக்கிற மீற்றர் ஒண்டும் காருக்குள்ள கிடக்கட்டும்.